ஆறுமணிக்குருவியைக் கோடைக் காட்டில் கண்டறிவது எப்படி?

இந்தியாவில் வலசை போகும் சிறு பறவைகளில் ஆறுமணிக்குருவியைப் போல இத்தனை நிறங்களை ஒரே உடலில் கொண்ட பறவைகள் மிகச் சிலவே. இந்தியில் இதை நவ்ரங் என்று அழைக்கிறார்கள். தமிழில் தோட்டக்கள்ளன் என்ற பெயரும் வழங்குகிறது. அறிவியல் பெயர் பிட்டா பிராக்கியூரா. இணையத்தில் கிடைக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பளிச்சென்று இருக்கும் பறவையைக் கண்டுபிடிப்பதில் என்ன சிரமம் இருக்கப்போகிறது என்று புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் நினைப்பது இயல்புதான். ஆனால் காட்டுக்குள் போய் நின்றால் நிலைமை வேறாக இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும் பறவை கண்ணில் மட்டும் படுவதில்லை. நிறத்தைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். முதலில் குரல், அடுத்து உருவமும் நடமாட்டமும், கடைசியாகத்தான் நிறம் என்ற வரிசையைப் பழகிக்கொண்டவர்களுக்கு அதே பறவை ஓரளவு எளிதாகவே அகப்படுகிறது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு இது பனிக்காலத்து விருந்தாளி. அக்டோபர் வாக்கில் வந்து சேர்ந்து, ஏப்ரல் வரை தோப்புகளிலும் புதர்க்காடுகளிலும் பெரிய மரங்கள் நிறைந்த வளாகங்களிலும் தங்கிவிட்டு வடக்கே போய்விடும். அது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் ஊர் வேறு. மத்திய இந்தியாவின் குன்றுக் காடுகள், குஜராத்தின் கிர், மேற்குத் தொடர்ச்சி மலையில் கர்நாடகம் வரையிலான பகுதி, பாகிஸ்தானின் வடபகுதிக் குன்றுகளில் தொடங்கி நேபாளம் வரை நீளும் இமயமலை அடிவாரம் ஆகிய இடங்களுக்கு அது மே மாதத்தில் போய்ச் சேர்கிறது. கன்ஹா, பென்ச், சாத்புரா போன்ற பெயர்களைப் புலிகளுக்காக மட்டுமே கேள்விப்பட்டிருப்பவர்கள், கோடைக் கடைசியில் அக்காடுகளின் காலை நேரத்தை நிறைப்பது இந்தச் சின்னஞ்சிறு பறவையின் குரல் என்பதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

அது ஏன் அந்த நேரத்தில் அங்கே போகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எங்கே, எப்போது தேட வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். ஆறுமணிக்குருவி தரையில் இரை தேடும் பறவை. சருகுக்கு அடியில் இருக்கும் வண்டுகள், எறும்புகள், கறையான்கள், புழுக்கள், மண்புழுக்கள், சிறு நத்தைகள் ஆகியவைதான் அதன் உணவு. மத்திய இந்தியாவில் மே மாதத்துத் தரை காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஜூன் நடுவில் தென்மேற்குப் பருவமழை அங்கே இறங்கியதும், மக்கத் தொடங்கிய சருகில் பூச்சிகளும் புழுக்களும் பெருகுகின்றன. குஞ்சுகளுக்கு ஊட்ட வேண்டிய வாரங்களில் இரை மிகுந்திருக்க வேண்டுமானால், மழைக்கு முன்பே இடம் பிடித்து, துணை தேடி, கூடு கட்டி முடித்திருக்க வேண்டும். எனவே மே மாதத்தின் இரண்டாம் பாதியிலிருந்து ஜூன் முடியும் வரை இப்பறவைகள் மிக அதிகமாகக் குரல் எழுப்புகின்றன. பார்க்கப் போகிறவர்களுக்கும் அதுதான் ஏற்ற காலம்.

உருவமும் நடமாட்டமும்

நிறத்தை ஒருகணம் மறந்துவிட்டு, நிழலுருவமாக மட்டும் இப்பறவையை மனத்தில் வரைந்துகொள்வது நல்லது. அரையிருளில் உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் அதுதான். நீளம் ஏறத்தாழ 19 செ.மீ.; எடை 47 முதல் 66 கிராம் வரை. மைனாவைவிடச் சிறியது என்றாலும், வால் மிகக் குட்டையாக இருப்பதால் உள்ளதைவிட இன்னும் சிறிதாகத் தோன்றும். உடல் பருத்து உருண்டிருக்கும், கால்கள் நீளமாகவும் உறுதியாகவும் இருக்கும், அலகு தடித்திருக்கும், நிற்கும்போது உடலை நிமிர்த்தி நிற்கும். அறிவியல் பெயரின் இரண்டாம் பகுதியே குட்டை வாலைத்தான் குறிக்கிறது. தரையில் நிமிர்ந்து நிற்கும், வாலில்லாதது போன்ற, நீண்ட கால்களுடைய, உருண்டையான ஒரு பறவை என்றால் தென்னிந்தியக் காடுகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் அது வேறொன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. நிறம் எதுவும் தெரியாத நேரத்திலும் இந்த ஓர் அடையாளத்தை நம்பலாம்.

அதன் நடமாட்டமும் அப்படித்தான், ஒருமுறை பார்த்தால் மறக்காது. இரண்டு மூன்று முறை தத்தும், நிற்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், அலகால் ஒரு சருகைக் கவ்விப் பக்கவாட்டில் எறியும், அடியில் எதுவும் இல்லையென்றால் மறுபடியும் தத்தும். இடையிடையே அந்தக் குட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக்கொள்ளும். கலைத்துவிட்டால் பெரும்பாலும் தாழப் பறந்து அருகிலுள்ள புதருக்குள் புகும், இல்லையேல் கையெட்டும் உயரத்துக் கிளை ஒன்றில் போய் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்க்கும். இரவில் உறங்குவதும் தரையில் அல்ல, மரக்கிளையில்தான்.

காட்டில் சருகின் ஓசையைப் பிரித்துக் கேட்கப் பழகுவது இங்கே பெரிய உதவி. அரணையோ ஓணானோ ஓடினால் சரசரவென்று ஒரே ஓட்டமாகக் கேட்டு நின்றுவிடும். தவிட்டுக்குருவிகள் என்றால் கூட்டமாகக் கிளறும், அதோடு அவற்றின் ஓயாத பேச்சும் சேர்ந்து வரும். ஆறுமணிக்குருவி எழுப்பும் ஓசையோ விட்டுவிட்டு வரும்: சிறு சலசலப்பு, ஓர் இடைவெளி, ஒரு சருகு புரளும் ஒலி, மீண்டும் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளிகளில்தான் புதியவர்கள் பொறுமையிழந்து நகர்ந்துவிடுகிறார்கள். நகர்ந்ததும் பறவையும் போய்விடுகிறது.

நிறங்கள், கண்ணுக்குத் தெரியும் வரிசையில்

புத்தகங்கள் தலையிலிருந்து வால்வரை நிறங்களை வரிசையாக விவரிப்பது வழக்கம். காட்டில் கண் பார்க்கும் வரிசை அதுவல்ல. மங்கலான வெளிச்சத்தில் முதலில் தெரிவது வெண்மை. தொண்டை வெள்ளை, கண்ணுக்கு மேலே புருவக்கோடும் வெள்ளை. இவ்விரண்டுக்கும் நடுவே அலகிலிருந்து கண்ணின் வழியாகப் பிடரிவரை அகன்ற கறுப்புப் பட்டை ஓடுகிறது. வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று அடுக்கடுக்காக அமைந்த அந்த முகம் மட்டும் இலைகளின் இடுக்கில் தெரிந்தாலே அடையாளம் உறுதியாகிவிடுகிறது. உச்சந்தலை வெளிர்பழுப்பு நிறம். அதன் நடுவே வகிடு எடுத்ததுபோல ஒரு கருங்கோடு போகும்.

அடுத்துத் தெரிவது மார்பும் வயிறும். மங்கிய மஞ்சள் கலந்த அந்த வெளிர்பழுப்பு நிறம், வெயிலில் காய்ந்த சருகின் நிறத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. பறவை நம்மைப் பார்த்து நின்றால் மறைந்துபோவதற்கு அதுவே காரணம். திரும்பி நின்றால் முதுகின் பச்சை தரையோரச் செடிகளோடு கலந்துவிடுகிறது. ஆக, இத்தனை நிறங்களும் வெயில் படும்போதுதான் ஆடம்பரம்; நிழலில் அவை ஒளிந்துகொள்ளும் ஏற்பாடுதான்.

தோள்பகுதியிலும் வாலுக்கு மேலேயும் மினுங்கும் நீலத்திட்டு இருக்கிறது. படங்களில் அனைவரையும் கவர்வது இந்த நீலம்; காட்டில் அதிகம் ஏமாற்றுவதும் இதுவே. பறவைகளின் இறகில் நீலம் நிறமியால் உண்டாவதில்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுகிறது. வெளிச்சம் போதாதபோதும் கோணம் மாறும்போதும் அது கருமையாகவோ சாம்பலாகவோ தெரியலாம். நீலம் தெரியவில்லை என்பதற்காக அடையாளத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. வயிற்றின் அடிப்பகுதியிலும் வாலடியிலும் உள்ள செந்நிறம் மட்டும் எந்தக் கோணத்திலும் அழுத்தமாகத் தெரியும்; பறவை கிளையில் உட்கார்ந்திருக்க, நாம் கீழே நிற்கும்போது அதைத் தவறவிடவே முடியாது.

பறக்கும்போது நிலைமை முற்றிலும் மாறுகிறது. மடித்திருந்தபோது தெரியாத கருமையான சிறகுமுனைகளில் பெரிய வெள்ளைத்திட்டு ஒன்று விரிந்து பளிச்சிடும். பெரும்பாலான முதல் சந்திப்புகள் இப்படித்தான் நடக்கின்றன: நடைபாதை ஓரத்திலிருந்து ஏதோ ஒன்று எழும்பி, நீலமும் வெள்ளையுமாக ஒரு கணம் காட்டிவிட்டுப் புதருக்குள் மறையும். அது எங்கே இறங்கியது என்பதை மனத்தில் குறித்துக்கொண்டு, அதைத் துரத்தாமல், நின்ற இடத்திலேயே சற்று நேரம் காத்திருப்பது பலன் தரும்.

ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். ஆணுக்குப் பகட்டான நிறம், பெண்ணுக்கு மங்கல் நிறம் என்று மயிலையும் தேன்சிட்டையும் பார்த்துப் பழகியவர்கள் இங்கே அந்த வேறுபாட்டைத் தேட வேண்டாம். கூட்டைவிட்டு வெளிவந்த இளம்பறவைகள் மட்டும் மங்கலாக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அவற்றைப் பார்க்க நேர்ந்தால், முகத்துப் பட்டையையும் குட்டை வாலையும் வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

குரல்

இதன் குரல் தெளிவான, உரத்த, இரண்டு அசைச் சீழ்க்கை. முதல் அசை மேலேறும், இரண்டாவது சட்டென்று இறங்கும்: 'வீட்‌‌-ட்யூ' என்று ஓரளவு எழுதிக் காட்டலாம். சில நேரங்களில் முன்னால் சிறிய அசை ஒன்று சேர்ந்து மூன்றசையாகக் கேட்கும். விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணியளவில் கூவுவதால்தான் தமிழில் அந்தப் பெயர் வந்தது. ஒன்று கூவினால் பக்கத்து எல்லையிலுள்ள இன்னொன்று பதில் கொடுக்கும். அதைக் கேட்டு மூன்றாவது ஒன்று தொடங்கும். இலங்கையின் சிங்களக் கிராமங்களில், தன் அழகிய ஆடையை மயில் கவர்ந்துகொண்டு போய்விட்டதே என்று இப்பறவை புலம்புவதாக ஒரு கதை சொல்கிறார்கள். எஞ்சியிருக்கும் ஆடையே இவ்வளவு என்றால், பறிபோனது எப்படி இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

பனிக்காலத்தில் தமிழ்நாட்டில் இக்குரல் காலையில் சில முறை, மாலையில் சில முறை என்ற அளவில் நின்றுவிடும். கோடைக் காட்டில் அப்படியல்ல. மேகமூட்டமான நாள்களில் பகல் முழுவதும் விட்டுவிட்டுக் கேட்கும். கூவும்போது பறவை தரையில் இருப்பதில்லை. மரக்கிளையில் ஏறி உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, அலகை வானத்தை நோக்கி உயர்த்திக் கூவும். ஆகவே இரைதேடும் பறவையைத் தரையிலும் கூவும் பறவையைக் கிளைகளிலும் தேட வேண்டும். குரல் வந்ததும் கீழேயே பார்த்துக்கொண்டிருப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஒவ்வொரு முறை கூவும்போதும் உடல் பின்னோக்கிச் சாய்வதால், இலைகளின் நடுவே அந்த அசைவையும் வாலடியின் சிவப்பையும் பிடித்துவிடலாம்.

இதைப் பாடும் பறவை என்று சொல்வது சரிதானா என்று கேட்டால், கறாரான வகைப்பாட்டின்படி சரியல்ல. குருவி வரிசையைச் சேர்ந்த பறவைகளில், குரலைக் கேட்டுக் கற்றுப் பாடும் ஒரு பெரும் பிரிவு இருக்கிறது. குயில்போலப் பாடுவதாக நாம் போற்றும் சோலைபாடி, குண்டுக்கரிச்சான் எல்லாம் அதில் அடங்கும். ஆறுமணிக்குருவியின் குடும்பம் அதிலிருந்து பிரிந்து நிற்கும் மற்றொரு கிளை. அக்கிளையைச் சேர்ந்த பறவைகளின் குரல் பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. தொடக்கநிலையினருக்கு இது நல்ல செய்திதான். சோலைபாடியின் பாட்டு பறவைக்குப் பறவை மாறும், வளர்ந்துகொண்டும் போகும். இதன் இரண்டசைக் குரலைச் சென்னையில் ஒருமுறை காதில் ஏற்றிக்கொண்டால் கன்ஹாவிலும் அதைக் கேட்டதுமே தெரிந்துவிடும். காட்டுக்குப் போகுமுன் ஸீனோ-கான்டோ போன்ற தளத்தில் உள்ள ஒலிப்பதிவுகளை வீட்டிலிருந்தபடியே சில நாள்கள் கேட்டுப் பழகுவது மிகுந்த பயன் தரும். மெர்லின் போன்ற செயலிகள் குரலைக் கேட்டுப் பெயரைச் சொல்லும் என்றாலும், அவை சொல்வதைத் துப்பாக மட்டுமே கொள்ள வேண்டும்; பிற பறவைகளின் குரலை அச்சாகப் போலி செய்யும் துடுப்புவால் கரிச்சான் அதே காடுகளில்தான் வாழ்கிறது.

எவற்றோடு குழப்பிக்கொள்ளலாம்?

தமிழ்நாட்டில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பறவை இது ஒன்றுதான் என்பதால் பெரிய குழப்பம் எழாது. நீலமும் வெண்மையும் தெரிந்தவுடன் மீன்கொத்தி என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. வெண்மார்பு மீன்கொத்தியும் பறக்கும்போது சிறகில் வெள்ளைத்திட்டைக் காட்டும் என்பதால் அதில் வியப்பில்லை. மீன்கொத்தியின் அலகு நீண்டு பெருத்திருக்கும். கால்கள் மிகக் குட்டை. சருகில் தத்தித் தத்தி இரை தேடும் வழக்கமும் அதற்கு இல்லை. காட்டுத்தரையிலிருந்து பச்சையாக ஒன்று விருட்டென்று எழும்பிப் போனால், அது நம் மாநிலப் பறவையான மரகதப்புறாவாக இருக்கலாம். சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும் செந்தலைப் பூங்குருவியும் மங்கலில் ஒரு கணம் ஏமாற்றும். அதற்கு வால் நீளம், உச்சந்தலையும் பிடரியும் செம்மஞ்சள் நிறம்.

வடக்கே போனால் சற்றுக் கவனம் தேவை. இமயமலை அடிவாரத்தில் அதே கோடையில் கருந்தலைப் பிட்டாவும் வந்து கூடு கட்டுகிறது. அதன் தலை முழுவதும் கறுப்பு, உச்சந்தலை மட்டும் செம்பழுப்பு, மார்பு பச்சை. முகத்தில் வெள்ளைப் புருவமும் வெள்ளைத் தொண்டையும் இருந்தால் ஆறுமணிக்குருவி, இல்லையென்றால் மற்றது. ஒடிசாவின் பிதர்கனிகாவிலும் வங்கத்தின் சுந்தரவனத்திலும் உள்ள அலையாத்திக் காடுகளில் வாழும் சதுப்புநிலப் பிட்டா இன்னும் நெருங்கிய சாயல் கொண்டது. அதன் அலகு மிகப் பெரியது, வெள்ளைப் புருவக்கோடு கிடையாது. அலையாத்திக் காட்டில் நின்றுகொண்டிருந்தால் மட்டுமே அதைப் பற்றி யோசித்தால் போதும்.

வகைப்படுத்துவதில் அறிஞர்களும் தடுமாறியிருக்கிறார்கள். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி அனுப்பிய படத்தைக் கொண்டு, 1713-லேயே இலண்டனில் இப்பறவை அச்சில் இடம்பெற்றுவிட்டது. 1766-இல் இதற்கு முறைப்படி அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ், இதைக் காக்கைகளோடு சேர்த்துவைத்தார்.

காட்டில் பார்க்கும் முறை

எந்தக் காட்டுக்குப் போனாலும், ஓடைக்கரையை முதலில் தேடுங்கள். மே மாதத்தில் தேக்குக் காடு இலையின்றி நிற்கும். நிழலும் ஈரமும் மிஞ்சியிருப்பது மூங்கிலும் புதரும் அடர்ந்த ஓடையோரங்களில்தான். சால மரக் காடுகளில் நிழல் பரவலாக இருப்பதால் பறவையும் பரவலாக இருக்கும். விடிவதற்குச் சற்று முன்பே இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். முதல் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது, அதே பறவை அடுத்த முறை எங்கிருந்து கூவுகிறது என்பதைக் கவனித்தால் அதன் எல்லை பிடிபடும். தான் பிடித்த எல்லைக்குள் அது விருப்பமான சில கிளைகளுக்கே திரும்பத் திரும்ப வரும்.

பிறகு அந்த எல்லையின் ஓரத்தில், முதுகை மரத்தில் சாய்த்து உட்கார்ந்துவிடுவதே சிறந்த உத்தி. நடந்து தேடுகிறவரின் காலடியில் சருகு நொறுங்கும் ஓசை பறவைக்கு முன்கூட்டியே கேட்டுவிடுகிறது. உட்கார்ந்திருப்பவரைச் சற்று நேரத்தில் காடு பொருட்படுத்தாமல் விட்டுவிடும். உடையின் நிறம் மங்கலாக இருப்பது நல்லதுதான், ஆனால் அதைவிடக் கையை ஆட்டாமல் இருப்பது முக்கியம். பைனாகுலரை மடியிலிருந்து முகத்துக்கு உயர்த்தும் அந்த ஓர் அசைவில்தான் பெரும்பாலான பறவைகள் தப்புகின்றன. மார்பளவு உயரத்தில் தயாராகப் பிடித்திருங்கள்.

பைனாகுலர் வாங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு சிறு கணக்கு. 8×42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ. என்று பொருள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×42-க்கு அது 5 மி.மீ.க்குச் சற்று மேல். பையில் அடங்கும் 10×25 வகைக்கு அது 2.5 மி.மீ. மட்டுமே. பட்டப்பகலில் ஏரிக்கரையில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. கண்ணின் பாவை விரிந்திருக்கும் காட்டின் அரையிருளில், சின்னக் கருவியில் தெரியும் படம் இருண்டுபோகும். இந்தப் பறவைக்காகவே வாங்குவதென்றால் பத்து மடங்கைவிட எட்டு மடங்கையே நான் பரிந்துரைப்பேன்.

பயண நாள்களைத் திட்டமிடும்போது காடுகள் மூடும் தேதிகளைக் கவனிக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்துப் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதி ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடியிருக்கும். கிர் ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடியிருக்கும். பறவை வந்து சேர்வதற்கும் வாயில் அடைபடுவதற்கும் இடையே சில வாரங்களே கிடைக்கின்றன. மேலும் அக்காடுகளின் மையப்பகுதியில் வண்டியைவிட்டு இறங்கி நடக்க முடியாது. வண்டியில் இருந்தபடி இதைப் பார்ப்பது அரைகுறை அனுபவம்தான். நடக்க விரும்புகிறவர்கள் உள்ளூர் வழிகாட்டியோடு காப்பகத்துக்கு வெளியே உள்ள காடுகளுக்குப் போகலாம், அல்லது மும்பைக்கு அருகிலுள்ள கர்னாலா பறவைகள் சரணாலயம் போன்ற, நடைவழி உள்ள இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். வழிகாட்டியைத் தவிர்த்துத் தனியே போவது சிக்கனமல்ல. கரடி உலவும் ஓடைக்கரையும் பறவை கூவும் ஓடைக்கரையும் பல இடங்களில் ஒன்றேதான். மே மாத வெயில் 45 டிகிரியை எட்டக்கூடிய ஊர்கள் அவை என்பதையும் நினைவில் வைத்து, தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்ல வேண்டும்.

கூட்டைக் குறித்துச் சிலவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது, தேடிப் போவதற்காக அல்ல, தவிர்ப்பதற்காக. காய்ந்த இலைகளாலும் புல்லாலும் வேர்களாலும் ஆன பெரிய உருண்டை அது. பக்கவாட்டில் வட்டமான வாயில் இருக்கும். தரையிலோ தாழ்ந்த கிளைக் கவட்டிலோ அமைந்திருக்கும். பார்த்தால் காற்றில் அடித்துவந்து குவிந்த சருகு என்றே தோன்றும். அதில் நான்கு அல்லது ஐந்து முட்டைகள். பளபளக்கும் வெள்ளையில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். பறவை அலகு நிறையப் புழுக்களோடு ஒரே திசையில் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தால், அருகில் குஞ்சுகள் இருக்கின்றன என்று பொருள். அந்த நிலையில் பின்வாங்கிவிட வேண்டும். மனிதர் மிதித்த தடத்தைப் பின்பற்றிக் கீரியும் காக்கையும் கூட்டைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம் மிகவும் பரவிவிட்டது. அது பலிக்கும் என்பதில் ஐயமில்லை. தன் எல்லைக்குள் போட்டிக்கு வேறொன்று நுழைந்துவிட்டதாக எண்ணி, இரைதேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு அது ஓடி வருகிறது. அடுத்த குழு வரும்போது மறுபடியும் ஓடி வருகிறது. சில வாரங்களுக்குள் குஞ்சுகளை ஆளாக்க வேண்டிய பறவைக்கு இது சின்ன இழப்பல்ல. புழுவைத் தூவிவைத்து, பாசி படிந்த கட்டையில் வந்து நிற்க வைத்து எடுக்கும் படங்களும் ஏறத்தாழ இதே வகைதான். அப்படி எடுத்த படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பறவை தானாக என்ன செய்யும் என்பதை அது காட்டுவதில்லை. ஒரு நாள் முழுவதும் காத்திருந்து முகத்தின் கறுப்பு வெள்ளையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதே மேல் என்பது என் கருத்து.

வீட்டுப் பக்கத்தில் பழகுவது

வடக்கே போக வாய்ப்பில்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. சென்னையில் கிண்டி தேசியப் பூங்கா, அடையாறு பிரம்மஞான சபை வளாகம் போன்ற மரங்கள் அடர்ந்த இடங்களில் பனிக்காலத்தில் இப்பறவை தங்குகிறது. சருகை அள்ளிக் கொளுத்தாமல் விட்டிருக்கும் எந்தத் தோப்பும் அதற்குப் போதும். சுத்தமாகப் பெருக்கிவைத்த தோட்டத்தில் அது தங்காது. மார்ச், ஏப்ரலில் புறப்படும் நாள் நெருங்கும்போது குரல் கூடுகிறது. அந்த வாரங்களில் அந்தி நேரத்தில் போய்க் காதைப் பழக்கிக்கொண்டால், கோடைக் காட்டுக்குப் போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

இவை இரவில் வலசை போகின்றன. அக்டோபர், நவம்பரில் களைத்துப்போயோ விளக்கொளியில் தடுமாறிக் கண்ணாடிச் சன்னலில் மோதியோ, நகரத்து மொட்டைமாடியிலும் வராந்தாவிலும் ஆறுமணிக்குருவி விழுந்து கிடப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. கண்டவுடன் பூனையும் காக்கையும் அண்டாமல், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து அதை வைத்து, இருட்டான அமைதியான அறையில் சில மணி நேரம் விட்டுவிட வேண்டும். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சோறோ ரொட்டியோ கொடுக்கவும் வேண்டாம். தெளிந்து நிமிர்ந்து நிற்கத் தொடங்கிவிட்டால், மரமும் புதரும் உள்ள இடத்தில், காக்கைகள் அடங்கிய அந்தி வேளையில் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு விலகிவிடலாம். சிறகு தொங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ வனத்துறைக்கோ கால்நடை மருத்துவரிடமோ சேர்ப்பிக்க வேண்டும். குணமாகும் வரை நாமே கூண்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று நல்லெண்ணத்தில் இறங்கினாலும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமாகிவிடும்.